மோட்டெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொயர் பயிற்சி முடிந்து தாள்களை அடுக்கும்போதும், மேலைச் செவ்வியல் இசை பற்றிப் பேச்சு வரும்போதும் மோட்டெட் குறித்து என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறேன். சபைக் கொயரில் பாடுகிறவர்கள் கேட்டதும் உண்டு, தேவாலயத்துக்கே போகாத சங்கீத ரசிகர்கள் கேட்டதும் உண்டு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் எளிதாகப் பிடிபடும்.

மோட்டெட்னா என்ன? ரொம்ப இழுக்காம சொல்லுங்க.

பல குரல்கள் சேர்ந்து பாடுவதற்காக எழுதப்பட்ட, தன்னளவில் முழுமையான ஒரு பக்திப் பாட்டு. வரிகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். வேதவசனமாகவோ, ‘சங்கீதம்’ எனப்படும் வேதாகமத் துதிப்பாடலாகவோ, பழைய ஜெபமாகவோ இருக்கும். நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் என்பது வழக்கம். பாடி முடிக்க நான்கைந்து நிமிடம் போதும்; நீளமானவையும் உண்டு.

1200-களின் தொடக்கத்தில் பாரிசில் தோன்றி இன்றுவரை எழுதப்படுகிறது. 800 ஆண்டுகளில் உருவம் பலமுறை மாறிவிட்டதால் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே இலக்கணம் கிடையாது. இசை தெரிந்தவர்கள் வெறுமனே ‘மோட்டெட்’ என்றால் 1500-களில் ஜோஸ்கின், பலஸ்திரினா, லாஸ்ஸஸ், விக்டோரியா, பேர்ட் போன்றவர்கள் எழுதிய வகையைத்தான் முதலில் நினைப்பார்கள்.

நாங்க ஞாயித்துக்கிழமை நாலு பார்ட்ல பாமாலை பாடுறோமே, அது மோட்டெட் ஆகாதா?

ஆகாது. பாமாலையில் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என மேலிருந்து கீழாக அமைந்த நான்கு குரலும் ஒரே அசையை ஒரே நேரத்தில் சொல்லும். ராகம் மேல்குரலில் இருக்கும், மற்ற மூன்றும் அதைத் தாங்கும். முதல் சரணத்துக்குப் போட்ட மெட்டே ஐந்தாம் சரணத்துக்கும். சபை முழுவதும் பாடவேண்டிய பாட்டு என்பதால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

மோட்டெட்டில் சரணம் கிடையாது. வசனத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு சொற்றொடருக்கும் புதிதாக ஓர் இசைவரி அமைப்பார்கள். அந்த வரியை ஒரு குரல் தொடங்கும். சற்றுத் தள்ளி அடுத்த குரல் அதே வரியோடு உள்ளே வரும். பிறகு மூன்றாவது, நான்காவது. எந்தக் குரலும் இன்னொன்றுக்குப் பக்கவாத்தியம் ஆகாது. ஆல்ட்டோ பாடுகிறவர்கள் மோட்டெட்டை விரும்புவதற்கு இதுவே காரணம்: பாமாலையில் இரண்டு மூன்று சுரங்களுக்குள் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு இங்கே முழு ராகம் கிடைக்கிறது.

ஒரு பாட்டை வெச்சு விளக்க முடியுமா?

பலஸ்திரினாவின் ‘சீகுத் செர்வுஸ்’ஸை எடுத்துக்கொள்வோம். மான் நீரோடைக்காக ஏங்குவதுபோல என் ஆத்துமா உம்மைத் தேடி ஏங்குகிறது என்ற 42-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்தான் வரி. ஈஸ்டருக்கு முந்தைய இரவில் ஞானஸ்நானத் தொட்டியை நோக்கிப் பவனி போகும்போது பாடப்பட்டு வந்த வசனம் இது. தண்ணீருக்கான ஏக்கம் அங்கே எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

முதலில் டெனர் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், ‘மானைப்போல’ என்ற சொற்களைப் பாடி மேலே ஏறும். பின்னால் ஆல்ட்டோ அதே வரியோடு வரும். அப்புறம் சொப்ரானோ, கடைசியாக பேஸ். பேஸ் உள்ளே வரும் அந்த இடத்தில்தான் பாட்டுக்கு அடித்தளம் விழுகிறது. அதுவரை அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்ததே அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. ‘ஏங்குகிறது’ என்ற சொல்லை ஒவ்வொரு குரலும் ஒரே அசையில் பல சுரங்களாக நீட்டுகிறது. ஒருவர் நீட்டி முடிக்குமுன் இன்னொருவர் நீட்டத் தொடங்கிவிடுவதால் ஏக்கம் அறுபடுவதே இல்லை.

‘அதுபோல என் ஆத்துமா’ என்று வசனம் திரும்பும் இடத்தில் இசைவரியும் புதிதாகிறது. ஆனால் பழைய சொற்றொடர் முழுக்க ஓய்ந்த பிறகு புதியது தொடங்குவதில்லை. இரண்டு குரல்கள் பழையதை முடித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்று புதியதை எடுத்துவிடுகிறது. தையல் தெரியாமல் சேர்ப்பது என்பார்களே, அந்தக் கைவேலை பலஸ்திரினாவிடம் உச்சத்தில் இருக்கிறது.

எல்லாரும் வேற வேற சொல்லைப் பாடினா வார்த்தை எப்படிப் புரியும்?

முதல் தடவை கேட்பவருக்கு முழுதாகப் புரியாது. அன்றைய கேட்பவர்களுக்கும், குறிப்பாகத் துறவிகளுக்கும் குருக்களுக்கும், வசனம் ஏற்கெனவே மனப்பாடம். தெரிந்த வசனத்தில் தங்கி நிற்க உதவியது இசை. அதனால் கேட்பதற்குமுன் வரிகளின் பொருளை ஒருமுறை படித்துவிடுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று: எல்லாக் குரலையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயலவேண்டாம். ஒரு தடவை டெனரை மட்டும் பின்தொடருங்கள், மறுதடவை பேஸை. ஒற்றை ராகவரியைக் கூர்ந்து கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது நன்றாகவே வரும்.

இது எங்கே, எப்படி ஆரம்பிச்சது?

பாரிசின் நோத்ர்தாம் பேராலயத்தில். அங்கே பழைய கிரகோரியன் பாடலின் (ஒற்றை ராகவரியில் பாடும் லத்தீன் வழிபாட்டுப் பாட்டு) சுரங்களைக் கீழ்க்குரல் தாங்கிப் பிடிக்க, மேலே இன்னொரு குரல் சொல்லே இல்லாமல் நீண்ட சுரவரிசைகளைப் பாடும் வழக்கம் 1100-களின் பிற்பகுதியில் வளர்ந்தது. லியோனின், பெரோட்டின் என்ற இருவர் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அந்தச் சுரவரிசைகளுக்கு யாரோ புதிய லத்தீன் வரிகளை அசைக்கு அசை பொருத்தினார்கள். மோட்டெட் பிறந்தது அப்படி. ஆக, முதலில் இசை இருந்தது, சொல் பிறகு வந்து உட்கார்ந்தது. மேலே பலஸ்திரினாவிடம் பார்த்ததற்கு நேர் எதிர் வரிசை.

ஒரே பாட்டுல ஒருத்தர் மாதாவையும் இன்னொருத்தர் காதலியையும் பாடினாங்கன்னு படிச்சேன். நிஜமா?

நிஜம். 1200-களின் பிற்பகுதியில் இது சாதாரணம். மூன்று குரல் மோட்டெட்டில் ‘டெனர்’ எனப்பட்ட கீழ்க்குரல் ஒரு கிரகோரியன் துண்டைப் பிடித்திருக்க, நடுக்குரல் ஒரு வரியையும் மேல்குரல் வேறொரு வரியையும் பாடும். ஒன்று லத்தீன், ஒன்று பிரெஞ்சு என்றும் இருக்கும். பிரான்சின் மோம்பெலியேயில் இருக்கும் கையெழுத்துச் சுவடி ஒன்றில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட மோட்டெட்டுகள் உள்ளன. பிரெஞ்சுக் காதல் வரிகள் அதில் நிறைய. காதலியைப் புகழும் மொழியும் மரியாளைப் புகழும் மொழியும் அந்தக் காலக் கவிதையில் மிக நெருக்கமாக இருந்தன. ஒன்றன்மீது ஒன்றை வைத்துக் கேட்பது கற்றவர்களுக்குப் பெரிய சுவையாக இருந்தது. நாயகன் நாயகி பாவத்தில் பாசுரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றவேண்டியதில்லை.

1300 வாக்கில் பாரிசில் எழுதிய யோஹன்னெஸ் தெ குரோக்கெயோ, மோட்டெட்டைப் பாமரர்முன் பாடவேண்டாம், அதன் நுட்பம் அவர்களுக்குப் பிடிபடாது, கற்றவர்கள் கூடும் இடத்தில் பாடுங்கள் என்று சொல்கிறார். அதாவது, அப்போதைய மோட்டெட் முழுக்க ஆலய இசையாக இருக்கவில்லை. போப் 22-ஆம் யோவான் 1324–25-இல் வெளியிட்ட ஆணையில், வழிபாட்டுப் பாடலுக்குள் நாட்டுமொழி மோட்டெட் வரிகளைத் திணிக்கிறார்கள் என்று கண்டித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

டெனர்னா உயர்ந்த ஆண்குரல்தானே? பழைய மோட்டெட்ல அடியில இருக்குதுன்னு சொல்றீங்க?

அப்போது டெனர் என்றது, கிரகோரியன் பாடலைப் பிடித்து நிற்கும் குரலை. பாட்டின் முதுகெலும்பு அது. அதற்கும் கீழே இன்னொரு குரல் சேர்ந்தது பின்னால்தான்.

1300-களில் பிலிப் தெ வித்ரி, கியோம் தெ மஷோ போன்றவர்கள் இந்த டெனரை வைத்துப் பெரிய கணக்கே போட்டார்கள். சுரங்களுக்கு ஒரு வட்டம், கால அளவுகளுக்கு வேறொரு வட்டம். இரண்டும் நீளத்தில் வேறுபட்டால், சுரவட்டம் திரும்பி வரும்போது கால அளவு வேறு இடத்தில் இருக்கும். பல சுற்றுக்குப் பிறகே இரண்டும் ஒன்றாக முடியும். கோர்வை கணக்கிட்டுச் சமத்தில் இறக்கும் மிருதங்க வித்துவானுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

டுஃபாயோட ஃப்ளாரன்ஸ் மோட்டெட்ல கட்டடத்தோட அளவே இருக்குன்னு சொல்றாங்களே?

1400-களின் இசையமைப்பாளர் டுஃபாய் எழுதிய அந்தப் பாட்டின் பெயர் ‘நூப்பர் ரொசாரும் ஃப்ளோரெஸ்’. புருனெல்லெஸ்கியின் குவிமாடம் எழுந்துகொண்டிருந்த ஃப்ளாரன்ஸ் பேராலயத்தை 1436 மார்ச் 25 அன்று போப் 4-ஆம் யூஜின் அர்ச்சித்தபோது, அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தியபோது, பாடியது. கீழே இரண்டு டெனர்கள், ஆலய அர்ச்சிப்புக்குரிய ஒரே கிரகோரியன் பாடலை ஐந்து சுர இடைவெளியில், நேரம் தள்ளித் தள்ளிப் பாடுகின்றன. அதை நான்கு தடவை, நான்கு வேகத்தில் பாடுகின்றன. அந்த நான்கு பகுதிகளின் நீள விகிதம் 6:4:2:3.

இந்த எண்கள் அந்தப் பேராலயத்தின் அளவுகளே என்று இசை ஆய்வாளர் சார்ல்ஸ் வாரன் 1973-இல் எழுதினார். இன்னொரு ஆய்வாளர் கிரெய்க் ரைட் 1994-இல் அதை மறுத்து, வேதாகமம் சொல்லும் சாலொமோன் ஆலயத்தின் அளவுகளோடுதான் பொருந்துகிறது என்றார். 60 முழம் நீளம், 20 முழம் அகலம், 30 முழம் உயரம், பரிசுத்த இடத்துக்கு 40 முழம் என்று 1 இராஜாக்கள் 6-இல் வருகிறதே, அது. எனக்கு ரைட் சொல்வதே சரியாகப் படுகிறது. புதிய ஆலயத்தை அர்ச்சிக்கும் நாளில் முதல் ஆலயத்தை நினைப்பது ஒரு பாதிரியாரின் மனசுக்கு இயல்பு, டுஃபாய் பாதிரியார்தான்.

அப்போ கணக்குலேர்ந்து வார்த்தைக்கு எப்போ மாறுச்சு?

1400-களின் கடைசிப் பகுதியில். அந்த மாற்றத்தை ஒரே பாட்டில் கேட்கவேண்டுமென்றால் ஜோஸ்கின் தெ பிரே எழுதிய ‘ஆவே மரியா... விர்கோ செரேனா’. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு குரலும் ஒரே வாழ்த்தைச் சொல்லிக்கொண்டு வரும். கிரகோரியன் பாடலை இனி ஒரு டெனர் மட்டும் சுமக்கவில்லை. எல்லாக் குரலும் சமம். பிறகு இரண்டிரண்டு குரலாக, பிறகு மூன்று எண்ணிக்கை நடையில் என்று ஒவ்வொரு பத்தியையும் வேறு விதமாகப் பாடி, கடைசியில் ‘தேவதாயே, என்னை நினைத்தருளும்’ என்ற இடத்தில் எல்லா அலங்காரமும் நின்றுவிடுகிறது. நான்கு குரலும் ஒன்றாக, நீண்ட சுரங்களில், வெறும் வேண்டுதலாகச் சொல்கின்றன. முன்னால் அத்தனை நுட்பம் இருந்ததால்தான் இந்த எளிமை நெஞ்சைத் தொடுகிறது.

வெனிசில் பெத்ருச்சி 1502-இல் அச்சிட்ட முதல் மோட்டெட் தொகுப்பில் முதல் பாட்டாக இதைத்தான் வைத்தார்.

மாஸ், ஆந்தம், மாட்ரிகல், கேண்டாட்டா... எல்லாம் குழப்புது.

மாஸ் என்பது திருப்பலியின் மாறாத ஐந்து பகுதிகளுக்கும் சேர்த்து அமைக்கும் பெரிய படைப்பு. மோட்டெட்டுக்கு வரிகளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு. ஒரு மோட்டெட்டின் இசையை எடுத்து விரித்து மாஸ் எழுதுவதும் உண்டு: விக்டோரியா தன் ‘ஓ மாக்னும் மிஸ்தேரியும்’ மோட்டெட்டை 1572-இல் வெளியிட்டார், அதிலிருந்து வளர்த்த மாஸை 1592-இல்.

ஆந்தம் ஆங்கிலத் திருச்சபையில் ஆங்கில வரிகளுக்கு எழுதப்படுவது. மாட்ரிகல் உலகியல் கவிதைக்கு, பெரும்பாலும் காதலுக்கு. கேண்டாட்டாவில் தனிப்பாடல்களும் வசனநடைப் பாட்டும் வாத்தியக் குழுவும் உண்டு.

கருவியே இல்லாம பாடினாத்தான் மோட்டெட்டா?

அப்படி ஒரு விதி இருந்ததில்லை. ரோமில் போப்பின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அந்தக் காலத்தில் ஆர்கன்கூடக் கிடையாது. அந்த ஓர் இடத்தின் வழக்கத்தைப் பிற்காலத்தவர் பொதுவிதி ஆக்கிவிட்டார்கள். வெனிசின் புனித மாற்கு ஆலயத்தில் கொர்னெட்டோ என்ற ஊதுகருவியும், டிரம்போனின் மூதாதையான சாக்பட்டும் தாராளமாகச் சேர்ந்தன. ஜோவான்னி கப்ரியேலி அங்கே குழுக்களை வெவ்வேறு மாடங்களில் நிறுத்தி எதிரெதிராகப் பாடவைத்தார்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மோட்டெட்டுகளைக் கருவியே இல்லாமல் குரல்களால் மட்டும் பாடுவதும் பின்னாள் பழக்கமே. ‘டெர் கைஸ்ட் ஹில்ஃப்ட்’ 1729-இல் லைப்சிக் தோமா பள்ளித் தலைமையாசிரியர் எர்னெஸ்டியின் அடக்க ஆராதனைக்கு எழுதியது. அதன் வாத்தியத் தாள்கள் இன்றும் இருக்கின்றன: முதல் கொயரோடு தந்திக் கருவிகள், இரண்டாவதோடு ஊதுகருவிகள், பாடும் சுரங்களையே வாசிக்கின்றன.

பெண்கள் பாடவே கூடாதுன்னு இருந்துச்சாமே?

பேராலயக் கொயர்களில் அப்படித்தான். மேல்குரலைச் சிறுவர்களோ, பொய்க்குரலில் பாடும் ஆண்களோ பாடினார்கள், பின்னர் காஸ்திராத்தோக்களும் (குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்ட ஆண் பாடகர்கள்). ஆனால் கன்னியர் மடங்களில் பெண்கள் எல்லாக் குரலையும் பாடினார்கள், எழுதவும் எழுதினார்கள். ஃபெர்ராராவில் சான் வீத்தோ மடத்தைச் சேர்ந்த ரஃபாயெல்லா அலெயோத்தியின் மோட்டெட் தொகுப்பு 1593-இல் அச்சாயிற்று. அடுத்த நூற்றாண்டில் மிலானில் கியாரா மார்கரித்தா கோத்சொலானி. இவர்களைக் கொயர்கள் இன்னும் நிறையப் பாடவேண்டும்.

திரெந்து சங்கம் பல்குரல் இசையைத் தடை செய்யப் போச்சு, பலஸ்திரினா காப்பாத்தினார்ங்கிற கதை?

அழகான கதை, நடந்தது வேறு. 1562-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் அந்தச் சங்கம் இசையைப் பற்றி விவாதித்தது உண்மை. அசுத்தமானதும் காமச்சுவையுள்ளதும் ஆலயத்தில் வேண்டாம் என்பதே தீர்மானத்தில் நின்றது. வார்த்தை காதில் விழவேண்டும் என்ற குறை அங்கே பலமாகப் பேசப்பட்டது. மேலே நான்காவது கேள்வியில் நீங்கள் கேட்ட அதே குறைதான். போப் மார்செல்லுஸ் பெயரிலான மாஸைப் பாடிக் காட்டி ஒரே நாளில் பலஸ்திரினா எல்லோர் மனத்தையும் மாற்றினார் என்பது பின்னால் வளர்ந்த புராணம்.

‘ஸ்பெம் இன் ஆலியும்’ 40 குரல்னு சொல்றாங்க. 40 பேர் பாடுறதா, 40 பார்ட்டா?

40 தனித்தனி பார்ட். ‘ஸ்பெம் இன் ஆலியும்’ ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸ் 1570 வாக்கில் எழுதிய மோட்டெட். ஐந்து குரல் கொண்ட எட்டுக் கொயர்கள். இத்தாலியரான ஸ்திரிஜ்ஜோ 1567-இல் லண்டன் வந்தார்; அவர் 40 குரலுக்கு எழுதியதைக் கேட்டதன் பதிலாக இது பிறந்தது என்பது பரவலான கருத்து.

முதல் கொயரில் ஒரே குரலாகத் தொடங்கி, கொயர் கொயராக நகர்ந்து எட்டாவது வரை போகும். நாற்பதும் சேர்ந்து ஒலிக்கும் இடம் சிறிது நேரம்தான். பிறகு அலை எதிர்த்திசையில் திரும்பும். முடிவை நெருங்கும்போது திடீரென்று எல்லாம் நின்று, ‘எங்கள் தாழ்மையைப் பார்த்தருளும்’ என்று நாற்பது குரலும் ஒன்றாக விழுகின்றன. தாழ்மை என்ற சொல்லுக்கு இத்தனை பெரிய ஓசை ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு நாடே சேர்ந்து முழங்காலிடுவது போல எனக்குக் கேட்கிறது. கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 2001-இல் ஒரு குரலுக்கு ஒரு ஒலிபெருக்கி என 40 ஒலிபெருக்கிகளை நீள்வட்டமாக நிறுத்தி இதை ஒலிக்கவிட்டார். ஒவ்வொன்றின் முன்னும் போய் நின்று கேட்கலாம்; டெனரை மட்டும் பின்தொடருங்கள் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இங்கிலாந்து புராட்டஸ்டண்ட் நாடாச்சே, வில்லியம் பேர்ட் எப்படி லத்தீன்ல எழுதினார்?

ராணி முதலாம் எலிசபெத்தின் அரண்மனைச் சிற்றாலயத்தில் வேலை பார்த்த பேர்ட், கத்தோலிக்கராகவே இருந்தார். ராணி இசையை நேசித்தவர். 1575-இல் டாலிசுக்கும் பேர்டுக்கும் இசை அச்சிடும் தனியுரிமையே கொடுத்தார். அந்த ஆண்டு இருவரும் சேர்ந்து ஆளுக்கு 17 பாட்டு என்று ஒரு லத்தீன் தொகுப்பை வெளியிட்டார்கள். அது ராணியின் ஆட்சியின் 17-ஆம் ஆண்டு.

ஆனால் கத்தோலிக்கர்மீது கெடுபிடி இறுகியபின் பேர்ட் தேர்ந்தெடுத்த வசனங்களைக் கவனியுங்கள்: எருசலேம் பாழாய்ப் போனது, சிறைப்பட்ட ஜனம், விடுதலை எப்போது. 1589-இல் வெளியான ‘நே இராஷ்சாரிஸ்’ மோட்டெட்டின் இரண்டாம் பகுதியில், ‘சீயோன் வனாந்தரமாயிற்று’ என்ற இடத்தில் பின்னிக்கொண்டிருந்த ஐந்து குரலும் நின்று, ஒரே அசையாக, தாழ்ந்து சொல்கின்றன. பிறகு ‘எருசலேம் பாழானது’ என்ற சொற்களை விடவே மனமில்லாமல் திரும்பத் திரும்பப் பாடுகின்றன. யாரை நினைத்து எழுதியது என்று அதைப் பாடிய கத்தோலிக்கர்களுக்குச் சொல்லவேண்டியிருந்திருக்காது.

வியன்னா, பிராக் அரசவையில் இருந்த பிலிப் தெ மோந்தே 137-ஆம் சங்கீதத்தின் ‘பாபிலோன் ஆறுகளருகே’ வரிகளை எட்டுக் குரலில் அமைத்து பேர்டுக்கு அனுப்பினார். பேர்ட் அதே சங்கீதத்திலிருந்து ‘அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவோம்’ என்ற வசனத்தை எட்டுக் குரலில் அமைத்துப் பதில் அனுப்பினார். ஊரை இழந்தவர்களின் பாட்டு அது. நம்மில் பலருக்கும் அந்தக் கேள்வி தெரியும்.

லூதரன்காரங்க மோட்டெட்டை விட்டுட்டாங்களா?

விடவில்லை, ஜெர்மன் மொழிக்கு மாற்றினார்கள். முப்பதாண்டுப் போர் முடிந்த 1648-இல் ஹைன்ரிக் ஷூட்ஸ் 29 மோட்டெட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். பாக்கின் பெயரில் வழக்கமாக ஆறு மோட்டெட்டுகள் எண்ணப்படுகின்றன. ஒன்று அவருடையதுதானா என்ற ஐயம் உண்டு. ‘யேசு, மைனே ஃப்ராய்டே’ 11 பகுதிகள் கொண்டது. ஒரு ஞானப்பாட்டின் ஆறு சரணங்கள், இடையிடையே ரோமர் 8-இன் ஐந்து வசனப் பகுதிகள். இரண்டாம் கேள்வியில் பாமாலை வேறு, மோட்டெட் வேறு என்று சொன்னேன். பாக் இரண்டையும் ஒரே பாட்டுக்குள் மாற்றி மாற்றி வைக்கிறார்.

1789-இல் லைப்சிக் வந்த மோசார்ட், ‘சிங்கெட் டெம் ஹெர்ன்’ மோட்டெட்டைக் கேட்டு, இதிலிருந்து கற்றுக்கொள்ள இருக்கிறது என்று வியந்து, பார்ட் தாள்களை வாங்கிச் சுற்றிலும் பரப்பிவைத்துப் படித்தார் என்று இசை எழுத்தாளர் ரோக்லிட்ஸ் எழுதியிருக்கிறார். லைப்சிக்கின் தோமா ஆலயத்தில் இன்றும் வெள்ளி மாலையும் சனி பிற்பகலும் நடக்கும் இசை ஆராதனைக்கு ‘மோட்டெட்’ என்றே பெயர்.

மோசார்ட்டோட எக்சுல்தாத்தே ஒருத்தர் பாடுறது, ஆர்கெஸ்ட்ராவும் இருக்கு. அதையும் மோட்டெட்ங்கிறாங்களே?

1600-களுக்குப் பிறகு இத்தாலியில் தனிக்குரலுக்கும் வாத்தியத்துக்கும் எழுதும் லத்தீன் பக்திப் பாட்டையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். விவால்டியும் எழுதியிருக்கிறார். மோசார்ட் 1773 ஜனவரியில் மிலானில், 16 வயதில், ரவுத்சினி என்ற காஸ்திராத்தோவுக்காக எழுதியதுதான் ‘எக்சுல்தாத்தே, யூபிலாத்தே’. பிரான்சில் 14-ஆம் லூயியின் அரண்மனையில் தனிப்பாடகர், கொயர், வாத்தியக் குழு எல்லாம் சேர்ந்த ‘பெரிய மோட்டெட்’ வளர்ந்தது. முதல் பதிலில் ஒரே இலக்கணம் கிடையாது என்றது இதற்காகவே.

அல்லெக்ரியின் மிசெரேரே மோட்டெட்தானே? சிஸ்டைன்ல மோசார்ட் கேட்டு எழுதினாரே?

கண்டிப்பான பொருளில் மோட்டெட் அன்று. 51-ஆம் சங்கீதத்தை வசனம் வசனமாக, ஒரு வசனம் கிரகோரியன் முறையில், அடுத்தது கொயர் என்று மாற்றி மாற்றிப் பாடும் அமைப்பு. கொயரின் இசை திரும்பத் திரும்ப அதே சட்டகம். இரண்டாம் பதிலில் சொன்ன ‘ஒவ்வொரு சொற்றொடருக்கும் புதிய இசை’ இங்கே இல்லை. எல்லோரும் காத்திருக்கும் அந்த உச்ச சுரமும் பின்னாளில் வந்து சேர்ந்தது.

இதே சங்கீதத்தை மோட்டெட்டாகக் கேட்க ஜோஸ்கினிடம் போங்கள். ஃபெர்ராரா கோமகன் முதலாம் எர்க்கொலேவுக்காக எழுதியது. ஒரு குரல் ‘தேவனே, எனக்கு இரங்கும்’ என்ற ஒரே வரியை மட்டும் பாடுகிறது: ஒவ்வொரு தடவையும் ஒரு சுரம் இறங்கி, எட்டு சுரம் கீழே போய், இரண்டாம் பகுதியில் ஒவ்வொன்றாக ஏறி, மூன்றாம் பகுதியில் மறுபடி இறங்குகிறது. சுற்றியுள்ள நான்கு குரல்களும் சங்கீதத்தைச் சொல்லிப் போக, இந்த வேண்டுதல் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

நம்பிக்கை இல்லாதவங்க எழுதினா அது பக்தி இசையா?

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் வழக்கமான விசுவாசி அல்ல. ஆனால் வேதாகமத்தை ஆழமாகப் படித்தவர். 1877-இல் அவர் எழுதிய மோட்டெட்டுக்கு வரியை அவரே யோபு, புலம்பல், யாக்கோபு நூல்களிலிருந்து தொகுத்தார். துன்பப்படுகிறவனுக்கு வெளிச்சம் ஏன் கொடுக்கப்பட்டது என்று யோபு கேட்கும் கேள்வியே தொடக்கம். ‘ஏன்?’ என்ற ஒற்றைச் சொல்லை கொயர் முதலில் உரக்கவும் உடனே மெதுவாகவும் சொல்கிறது, பின்னும் பலமுறை. முடிவில் லூதரின் ஒரு ஞானப்பாட்டு. யோபுவின் கேள்வியை இவ்வளவு நேர்மையாகக் கேட்கும் பாட்டைப் பக்தி இசை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்க கொயர்ல 12 பேர்தான். எதுல தொடங்கலாம்?

மோசார்ட்டின் ‘ஆவே வேரும் கோர்புஸ்’. 1791 ஜூனில், பாடன் என்ற ஊரின் கொயர் மாஸ்டர் நண்பருக்காக எழுதியது, 46 பார்தான் (தாளச் சுற்றைக் கோடு போட்டுப் பிரித்த கட்டம்தான் பார்). அடுத்து புரூக்னர் லின்ஸ் நகரப் புதிய பேராலயத்தின் சிற்றாலயத்துக்காக 1869-இல் எழுதிய ‘லோகுஸ் இஸ்தே’. அதில் முடிவுக்குச் சற்றுமுன் வரும் முழு மௌனத்தை அவசரப்படாமல் எண்ணுங்கள்; கட்டடத்தின் எதிரொலி அடங்கவேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. இவை இரண்டிலும் குரல்கள் பெரும்பாலும் சேர்ந்தே நகர்வதால் பாமாலை பாடியவர்களுக்குக் கை கொடுக்கும். அதன்பின் ‘சீகுத் செர்வுஸ்’.

1500-களின் பாட்டைப் பயிலும்போது பார் கோட்டை மறந்துவிடுங்கள். அன்று பெரும்பாலும் ஒவ்வொரு பாடகரிடமும் தன் பார்ட் மட்டுமே உள்ள புத்தகம் இருந்தது, அதில் பார் கோடே கிடையாது. கோட்டை ஒட்டி அழுத்தினால் வரி துண்டு துண்டாகிவிடும். சொல்லின் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே சாயுங்கள். சோல்ஃபாவில் (டோ, ரே, மி என்று பாடும் முறையில்) பழகியவர்கள் ஒவ்வொரு பார்ட்டையும் முதலில் எல்லாரும் சேர்ந்து பாடிப் பாருங்கள்; டெனரின் வரி ஆல்ட்டோவுக்கும் தெரிந்திருந்தால் ஒருவரையொருவர் கேட்டுப் பாடுவது தானாக வரும்.

தமிழ் வரியைப் போட்டுப் பாடக்கூடாதா?

தாராளமாகப் பாடலாம். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் கொடுத்தது, பல்குரல் இசையையும் விலக்கவில்லை. ஆனால் பழைய மோட்டெட்டின் சுரத்துக்குத் தமிழை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘சீகுத் செர்வுஸ்’ஸில் ‘உம்மை நோக்கி, தேவனே’ என்ற சொற்கள் கடைசியில் வருவதால்தான் இசை அங்கே போய் அமைகிறது. தமிழ் வசனத்தில் ‘தேவனே’ நடுவில் வந்துவிடும், கடைசியில் வினைச்சொல் நிற்கும். ‘ஏங்குகிறது’க்கு எழுதிய நீண்ட சுரவரிசை ‘நீரோடை’யில் விழும். குறிலை நான்கு அடிக்கு இழுத்தால் நெடிலாகிவிடும் சங்கடம் வேறு.

தமிழ் வசனத்துக்கு என்றே புதிதாக எழுதுவதுதான் வழி. நான்கு குரலும் 40 குரலும் பார்த்துப் பயப்படவேண்டாம். லாஸ்ஸஸ் 1577-இல் மியூனிக்கில் வெளியிட்ட தொகுப்பில் இரண்டே குரலுக்கு எழுதிய 12 லத்தீன் மோட்டெட்டுகள் இருக்கின்றன. ஒரு குரல் வசனத்தைத் தொடங்குகிறது, மற்றது பின்னால் வருகிறது, அவ்வளவுதான். சுரமும் தமிழும் தெரிந்த ஒருவர் சங்கீதத்தின் ஒரே ஒரு வசனத்தை எடுத்து, இரண்டு குரலில், குறில் நெடில் கெடாமல் எழுதிப் பார்க்கலாம்.